1,20,000 சொல் நாவலை நாலு வரியில் சொல்வது எப்படி?

கேள்வி இது: "ஒரு சயின்ஸ் ஃபேன்டஸி, அதாவது அறிவியலும் மாயமும் கலந்த சாகச நாவல் எழுதி முடித்துவிட்டேன். 1,20,000 சொற்கள். பதிப்பாளருக்கு மெயில், ட்விட்டர், பின்னட்டை என்று எங்கே போனாலும் 'சுருக்கமாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். எப்படிச் சுருக்கினாலும் கதை செத்துப்போகிறது. என்ன செய்வது?" கேட்டவர் தன்னுடைய பிட்ச்சையும் (கதையைப் படிக்கத் தூண்டும் நாலு வரி அறிமுகம்) முழுக் கதைச்சுருக்கத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். அதை எடுத்துவைத்துப் பேசவும் சம்மதித்தார். அதனால் பொதுவாகச் சொல்லாமல் அவருடைய கதையை வைத்தே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சுருக்கப் பார்க்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். நாவலைச் சின்னதாக்கினால் கிடைப்பது கதைச்சுருக்கம். பிட்ச்சுக்கு வேலை வேறு. பாட்டி கதை சொல்லும்போது பிள்ளைகள் 'ம்' கொட்டுவார்கள் இல்லையா, அந்த 'ம்'மை வாங்குவதுதான் பிட்ச்சின் வேலை. சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து இரண்டில் ஒரு சொல் வரும். "அப்புறம்?" என்று வந்தால் அவர் கதைக்குள் வந்துவிட்டார். "அப்படின்னா?" என்று வந்தால் இன்னும் வாசலிலேயே நிற்கிறார். பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு சிறிய பதிப்பகத்துக்குக் கைப்பிரதி படித்துக் கொடுக்கிறேன். நல்ல பிட்ச் எது, தேறாத பிட்ச் எது என்று பிரிக்க எனக்கு இதைவிட நம்பகமான வழி கிடைத்ததில்லை.

இனி உங்கள் பிட்ச்:

"கி.பி. 3107. மெய்யூர் என்னும் மிதக்கும் நகரம். ஆதிமெய் என்ற பேராற்றலால் உருவான நார்ப்பின்னல் அந்நகரை விண்ணோடு இணைக்கிறது. ஐந்து குலத்தார் அதைக் காக்கின்றனர். விதியால் தேர்ந்தெடுக்கப்பட்ட பூவாயி, தம்பி கதிரவனுடனும் இயந்திரப் பறவை சாரலுடனும், இருள்வேந்தன் காரிருளனின் சதியை முறியடிக்கக் கிளம்புகிறாள். அன்பு, துரோகம், தியாகம் நிறைந்த மாபெரும் பயணம்!"

மெய்யூர், ஆதிமெய், நார்ப்பின்னல், பூவாயி, கதிரவன், சாரல், காரிருளன். எண்ணிப் பாருங்கள், ஏழு புதுப் பெயர்கள். கூடவே ஐந்து குலங்கள். ஒவ்வொன்றும் ஓர் "அப்படின்னா?". இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உள்ள ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து உண்டு. வாசகருக்குப் புரியாத சொல் வந்தாலும், முதல் எழுத்தைப் பார்த்ததும் 'ஓ, இது பெயர்' என்று தாண்டிப் போய்விடுவார். நமக்கு அந்த வசதி இல்லை. 'கதிரவனுடனும்' என்று படிக்கிறவர் ஒரு நொடி சூரியனை நினைப்பார். 'சாரலுடனும்' என்றால் மழைச்சாரல். 'ஆதிமெய்' என்பதை உடம்பு என்று எடுத்துக்கொள்வதா, உண்மை என்று எடுத்துக்கொள்வதா? நாவலுக்குள் இந்தப் பெயர்கள் அழகாகவே இருக்கின்றன. அங்கே அவற்றைப் பழக நேரம் இருக்கிறது. நாலு வரியில் அந்த நேரம் கிடையாது. பிட்ச்சுக்குள் ஒரு பெயர் போதும், அதுவும் யார் வலியைச் சுமக்கிறார்களோ அவர்களுடைய பெயர்.

சங்க அகப்பாடல்களுக்குக் கீழே வரும் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். 'பிரிவிடை ஆற்றாளாகிய தலைமகள் தோழிக்குச் சொல்லியது' என்பதுபோல இருக்கும். ஒரே வரி. யார், யாரிடம், என்ன இக்கட்டில் என்ற மூன்றும் வந்துவிட்டன. பெயர் ஒன்றுகூட இல்லை, உறவும் நிலைமையும் மட்டும்தான். பாட்டுக்குள் போக அது போதுமானதாக இருக்கிறது. உங்கள் பிட்ச்சிலும் 'மெய்யூர் நார்ப்பின்னல் காவலர்' என்பதைவிட 'வடத்தின் இழைகளை எண்ணும் பெண்' என்பது எவ்வளவு தெளிவாகக் கண்ணில் நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். 'நார்ப்பின்னல்' வேண்டாம். 'வடம்' என்றாலே போதும். தேர் இழுத்த ஊரில் பிறந்த யாருக்கும் வடத்தின் கனமும் முறுக்கும் தெரியும்.

இந்தப் பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஒருமுறை ஏழு குலங்களின் வரலாற்றோடு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்த களைப்பிலேயே கைப்பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறு ஒருவர் அதே நாவலைப் புத்தகமாக என் கையில் கொடுத்தார். மூன்றாம் பக்கத்திலேயே ஒரு சிறுமி தன் நிழலை அடகு வைக்கிறாள். அந்த ஒரு விஷயத்தை எழுத்தாளர் கடிதத்தில் சொல்லவே இல்லை. நானும் தேடவில்லை. என் பக்கத் தவறு பெரியதுதான். ஆனாலும் கடிதம் படிக்கிறவர்கள் களைத்துப்போய்த்தான் படிக்கிறார்கள் என்பதை எழுதுகிறவர் கணக்கில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

அப்புறம், சயின்ஸ் ஃபேன்டஸிக்கே உரிய விஷயம். துப்பறியும் கதைக்கோ காதல் கதைக்கோ இந்தத் தலைவலி இல்லை. நீங்கள் வாசகரிடம் இரண்டு கடன் கேட்கிறீர்கள்: இயந்திரத்தையும் நம்பு, மாயத்தையும் நம்பு. இரண்டையும் தனித்தனியாக விளக்கினால் இரண்டு கதைபோல ஆகிவிடும். 'எதிர்காலம், பேராற்றல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இரண்டுமே மங்கிப்போகும். நான் பார்த்தவரை பலிக்கிற வழி ஒன்றுதான். அறிவியலை ஓர் எண்ணால் காட்டுங்கள். மாயத்தை ஒரு நிபந்தனையால் காட்டுங்கள். அந்த எண்ணும் நிபந்தனையும் மோதுகிற இடத்தில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

எண் என்றால் என்ன? உங்கள் நகரம் வானிலிருந்து ஒரு வடத்தில் தொங்குகிறது. விண்வெளி லிஃப்ட் என்று பொறியியலில் பேசப்படும் யோசனைதான் இது. 1895இல் ரஷ்ய விண்வெளி அறிஞர் சியோல்கோவ்ஸ்கி விண்வெளி வரை எட்டும் ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். 1960இல் சோவியத் பொறியாளர் ஆர்ட்சுடானோவ் அதைத் தலைகீழாகத் திருப்பி, மேலேயிருந்து கீழே கயிறு இறக்கலாம் என்று எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும். அதனால் கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். கயிறு இறக்க அதுதான் தோதான இடம். உங்கள் கதை பூமியில்தான் நடக்கிறது என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் அந்த உயரத்துக்குப் போக ஏழரை நாள் ஆகும். '36,000 கி.மீ. ஏறுகிறாள்' என்று ஒரு வரி வந்தால் போதும், இந்த ஆள் கணக்குப் போட்டிருக்கிறார் என்று வாசகர் உணர்ந்துவிடுவார். 'கி.பி. 3107' என்பதும் எண்தான், ஆனால் அது எதையும் அளக்கவில்லை. 3107க்குப் பதில் 2950 என்று போட்டாலும் கதையில் ஒன்றும் மாறாது. மாற்றினால் கதை மாறுகிற எண்ணாகப் பார்த்து எடுங்கள்.

நிபந்தனைக்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. இரணியன் வாங்கிய வரத்தைப் பாருங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. கேட்கும்போதே மனசு ஓட்டையைத் தேட ஆரம்பித்துவிடுகிறது: அப்படியானால் அந்தி? வாசற்படி? இரண்டும் கெட்டான் உருவம்? தமிழ் வாசகர் வரம், சாபம் எல்லாம் கேட்டு வளர்ந்தவர். மாயத்துக்கு ஒரு விலை உண்டு, ஒரு விடுதலை உண்டு என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். 'பேராற்றல்' என்று சொன்னால் அவருக்குச் செய்ய வேலை எதுவும் இருக்காது. 'இன்னது செய்தால் இன்னது நடக்கும்' என்று சொன்னால் அவரே கதையை நடத்திப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

உங்கள் கதைச்சுருக்கத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில், இப்படி ஒரு வரி இருக்கிறது: 'மெய்யூரில் எவரேனும் பொய்யுரைத்தால் நார்ப்பின்னலில் ஓர் இழை அறுபடும்.' இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது உங்கள் கையில் இருக்கும்போது எதற்கு இருள்வேந்தன்? வடம் பொறியாளருடைய பொருள், பொய் மனிதருடைய பலவீனம். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறீர்கள். பிட்ச் முழுவதும் இந்த முடிச்சைச் சுற்றியே இருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. பூவாயியின் வேலை இழைகளை எண்ணுவது. தம்பியைக் காப்பாற்ற அவளே ஒரு பொய் சொல்கிறாள். ஆக உங்கள் ஒன்லைன், அதாவது சினிமாக்காரர்கள் சொல்கிற அர்த்தத்தில் ஒரே வரிக் கதை, இது:

"பொய் சொன்னால் அறுந்துபோகும் வடத்தில் தொங்குகிறது ஊர், அந்த வடத்தின் இழைகளை எண்ணும் பெண்ணே ஒரு பொய் சொல்லிவிடுகிறாள்."

'பெண்ணே' என்பதில் உள்ள ஏகாரத்தைக் கவனியுங்கள். 'வேலியே பயிரை மேய்ந்த கதை' என்ற பழமொழியில் வேலை செய்கிற அதே ஏகாரம். காக்க வேண்டியவளே குலைக்கிறாள் என்பதை ஓர் உயிரெழுத்து சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு ஏகாரம் உங்கள் கதைக்குள் எங்கே விழும் என்று தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சி. மருத்துவனே நோயாளி, வழிகாட்டியே வழி தவறியவன், திருடனே சாவியைக் காப்பவன். எங்கேயும் விழவில்லை என்றால் கதைமாந்தரும் உலகமும் இன்னும் ஒட்டவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

வாக்கிய அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதும் கலை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: இன்னது நேரும்போது, இன்னார், இன்னதைச் செய்தாக வேண்டும், இல்லையேல் இன்னது ஆகும். ஆங்கிலத்தில் அது ஓடும். தமிழில் அப்படியே இறக்கினால், 'வடம் அறுந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கும்போது பூவாயி தன் தம்பியைக் காப்பாற்றுவதற்கும் ஊரைக் காப்பாற்றுவதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், இல்லையென்றால்...' என்று நீண்டுகொண்டே போய், வினைமுற்று வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் முழு எடையும் அந்தக் கடைசிச் சொல்லில் இறங்குகிறது. அதனால் இங்கே வேறு மாதிரி செய்ய வேண்டும். ஆளைப் பற்றிய தகவலைப் பெயரெச்சமாக்கிப் பெயருக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள் ('தம்பிக்காகப் பொய் சொன்ன பூவாயி'). நடப்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடையுங்கள். எதை இழக்கப் போகிறார்கள் என்பதைக் கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இறக்குங்கள்.

ட்விட்டருக்கு, இப்போது எக்ஸ், நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"வானிலிருந்து ஒற்றை வடத்தில் தொங்கும் ஊர். அங்கே யார் பொய் சொன்னாலும் வடத்தில் ஓர் இழை அறுந்துபோகும். தம்பிக்காக ஒரே ஒரு பொய் சொன்ன பூவாயி, அறுந்த இழையைத் தேடி 36,000 கி.மீ. மேலே ஏறுகிறாள். உண்மையைச் சொன்னால் வடம் பிழைக்கும். தம்பி பிழைக்க மாட்டான்."

33 சொற்கள்தான், ஆனால் 248 இடம் பிடிக்கிறது. காரணம், கணினிக்கு நம் எழுத்துக் கணக்கு வேறு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணும். 2017 நவம்பரில் ட்விட்டர் ஒரு பதிவின் எழுத்து வரம்பை 140இலிருந்து 280 ஆக்கியபோது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தாராளமாகத்தான் இருந்தது. நமக்கு மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் சேர்ந்து இடத்தைத் தின்றுவிடும். அதனால் 280க்குள் எழுத வேண்டுமென்றால் 35 சொற்களை இலக்காக வையுங்கள். 'கொண்டிருக்கும்போது', 'வேண்டியிருக்கிறது' மாதிரி நீளமான துணைவினைகள் முதலில் வெளியே போகட்டும்.

'ஏறுகிறாள்' என்று போட்டதற்கும் காரணம் உண்டு. உங்கள் பிட்ச்சில் 'முறியடிக்கக் கிளம்புகிறாள்' என்று இருந்தது. சாகச நாவலுக்கு உடம்பு செய்கிற வினை வேண்டும்: ஏறுவது, குதிப்பது, திருடுவது, தப்புவது. 'முறியடிப்பது' கண்ணுக்குத் தெரியாது. 'அன்பு, துரோகம், தியாகம்' என்ற கடைசி வரியும் போகட்டும். தம்பிக்காகப் பொய் சொன்னாள் என்பதிலேயே அந்த மூன்றும் இருக்கின்றன.

பின்னட்டை இதிலிருந்து வேறு. சென்னைப் புத்தகக் காட்சியில் ஸ்டாலில் நிற்கிறவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறார், பின்னால் கூட்டம் தள்ளுகிறது. அவருக்கு விளக்கத்தைவிட ஒரு காட்சி தேவை. எண்ணையும் முடிச்சையும் காட்சிக்குள்ளேயே கரைத்துவிடலாம். இதோ ஒரு முயற்சி:

"நிலத்தைத் தொடாத ஊர் அது. கண்ணுக்கு எட்டாத உயரத்திலிருந்து இறங்கும் ஒற்றை வடத்தில் தொங்குகிறது. தினமும் அந்தியில் பூவாயி வடத்தின் இழைகளை எண்ணுவாள். அவள் அம்மா எண்ணினாள், அம்மாச்சி எண்ணினாள். யார் பொய் சொன்னாலும் ஓர் இழை அறுந்துபோகும். சொன்னது யாரென்று கண்டுபிடித்து ஊரைவிட்டுத் தள்ளுவார்கள். அன்று அந்தியில் ஓர் இழை குறைகிறது. எண்ணிக்கை சரி என்று பூவாயி குறித்து வைக்கிறாள். அது அவள் சொன்ன இரண்டாவது பொய்."

'ஊரைவிட்டுத் தள்ளுவார்கள்' என்பது சாதாரண ஊரில் ஒரு வழக்குச் சொல். தொங்கும் ஊரில் அதற்கு அர்த்தமே வேறு. இப்படி ஓரிடம் கிடைத்தால் உலகத்தை விளக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

பதிப்பாளருக்கு மெயில் எழுதும்போது இந்த 33 சொல் பிட்ச்சை முதல் பத்தியாக வையுங்கள். அடுத்து வகை, சொல் எண்ணிக்கை, முழுதாக முடிந்த நாவல் என்ற தகவல், உங்களைப் பற்றி இரண்டு வரி. அவ்வளவு போதும். கதைச்சுருக்கம் கேட்டால் தனியாக இணையுங்கள். அதில் முடிவை மறைக்க வேண்டாம். வாசகருக்கு மறைப்பது நியாயம். ஆனால் புத்தகத்தில் பணம் போடப்போகிறவருக்கு, கதை எங்கே போய் இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

'இதையும் அதையும் கலந்த மாதிரி' என்று தெரிந்த படைப்புகளைச் சொல்லி விளக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1964இல் அமெரிக்க எழுத்தாளர் ஜீன் ராடன்பெர்ரி 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரை, நட்சத்திரங்களுக்குப் போகும் 'வேகன் டிரெயின்' என்று சொல்லித்தான் விற்கப் பார்த்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாருக்கும் அப்போது அந்தக் குதிரைவண்டித் தொடர் தெரியும், அதனால் அந்த ஒப்பீடு எடுபட்டது. இன்று இங்கே அதைச் சொன்னால் 'அப்படின்னா?' என்றுதான் வரும். எதிரில் இருப்பவருக்கு நிச்சயம் தெரியும் என்றால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்கள் கதைக்கு அது தேவையும் இல்லை, வடமும் பொய்யும் தன்னாலேயே நிற்கின்றன.

எழுதி முடித்ததும் இந்த வகைக் கதைகளே படிக்காத மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதியதை வாசிக்காதீர்கள், நினைவிலிருந்து சொல்லுங்கள். எந்தச் சொல்லில் உங்கள் நாக்கு தடுமாறுகிறதோ அது பிட்ச்சில் இருக்க வேண்டிய சொல் இல்லை. மறுநாள் அவர்களிடம் அந்தக் கதை என்ன என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில் எது மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்கள் ஒன்லைன். நான் உங்கள் வடத்தை என் அக்காவிடம் சொன்னேன். அவர் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. "சமைக்க மறந்துட்டு, சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொன்னாகூட அறுந்துடுமா?" என்று கேட்டார். இதுவும் 'அப்புறம்?' வகைதான். அவர் ஏற்கெனவே அந்த ஊரில் குடியேறிவிட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் கதைச்சுருக்கத்தின்படி பூவாயி பொய் சொல்வது 19ஆம் அத்தியாயத்தில். அதுவரை குலங்களும் போரும்தான். நாம் இப்போது எழுதிய பிட்ச்சைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பவர் அந்தப் பொய்யைத் தேடி 18 அத்தியாயம் காத்திருக்க மாட்டார். மூன்றாம் அத்தியாயத்துக்குள் அவளைப் பொய் சொல்ல வையுங்கள். குலங்களின் கதையை அவள் ஏறுகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம், ஏழரை நாள் இருக்கிறது. மாற்றி எழுதியதும் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.